தண்ணீருக்கு வழி சொன்ன ஊர்

நொச்சிப்புதூரில் நிலம் வளர ஆரம்பித்தது ஆடி பதினெட்டு முடிந்த மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை. அதை முதலில் கண்டுகொண்டது பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற மயிலாத்தாள்தான். பத்தொன்பது வருஷமாக அவள் விடிந்ததும் மேல்நிலைத் தொட்டியடியில் வால்வைத் திருகிவிட்டு, இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வீதி வால்வாகத் திறந்தபடி மாகாளியம்மன் கோயில் முக்கு வரைக்கும் நடந்து போகிறவள். அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மயிலா, இன்னைக்குப் பொளுதாயிருச்சு?" என்றாள் செல்லக்காள்.

மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் நடுவே, நேற்றுவரை ஒரு சந்து மட்டுமே இருந்த இடத்தில், அரை ஏக்கருக்குக் குறையாமல் செம்மண் விரிந்து கிடந்தது. அதில் ஒரு முள் இல்லை, ஓர் ஆட்டுப்புழுக்கை இல்லை, அவளுடைய காலடியைத் தவிர வேறு காலடி இல்லை.

"நிலம் வளந்திருக்குது, அதான்," என்றாள். "நாளைக்குக் கால் மணி நேரம் முன்னாலயே வர்றேன். குடத்தை எடுங்க."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப்பிறகு நாள் தவறாமல் வளர்ந்தது. ஊரின் ஓரத்தில் வளரவில்லை, அப்படி வளர்ந்திருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள்; புளித்த மாவு பொங்குவதுபோல நடுவிலிருந்து வளர்ந்தது. வீடுகளும் கிணறுகளும் பனைகளும் இருந்தபடியே இருக்க, அவற்றுக்கு இடையிலிருந்த தூரம் மட்டும் நீண்டது, தூரத்தோடு கூடவே குழாயும் மின்கம்பியும் நீண்டுகொடுத்தன, ஒரு வீட்டில்கூட விளக்கு அணையவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு முழ வேலிக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு பங்காளிகள், ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றரை ஏக்கர் கிடந்தது. சண்டை போடத் தொடுகிற தூரத்தில் யாரும் இல்லாததால், அதைக் கடந்து போய் ஒருவரையொருவர் நலம் விசாரித்துவிட்டு வந்தார்கள். கீழவீதியிலிருந்து மேலவீதிக்கு வாக்கப்பட்டுப்போன பெண்கள், இத்தனை நாள் அம்மா வீட்டுக்குப் போனால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் திரும்ப வேண்டியிருந்தவர்கள், இப்போது தூரத்தைச் சொல்லி இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் கூடியது, சாமி புறப்பாட்டுக்கு ஒரு மண்டகப்படி கூடியது. தாலுகாவிலிருந்து வந்த சர்வேயர் மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் முந்தினதைவிடக் கூடுதலாக வந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, அளவுக் கட்டத்தில் 'இன்றைக்கு உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

நிலம் இருந்தால் ஆள் வராமல் இருப்பார்களா. பஞ்சாயத்துத் தலைவர் குப்புராஜ் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, புது மண்ணை வீடில்லாதவர்களுக்கு மனை மனையாகப் பிரித்துக் கொடுத்தார். பல்லடத்து லைன் வீடுகளிலிருந்து வந்தார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள், ஆம்பூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, ஆனால் ஊர் பிடிபடவில்லை. போனிலிருந்த வரைபடம் ஊரைப் பழைய அளவிலேயே வைத்திருந்ததால் முந்நூறு வீடும் ஒரே புள்ளியில் நின்றது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் அந்தப் புள்ளியில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் எல்லாரும் மயிலாத்தாளைக் கேட்டார்கள். அவளும் சாவியை ஊன்றி நின்று சொன்னாள். நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா, உப்புத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். மாசத்தில் ஒரு சனிக்கிழமை பூராவும் கரண்ட் இருக்காது, முந்தின நாளே மாவாட்டி வையுங்க. கேஸ் வண்டி இட்டேரிச் சந்துக்குள்ள வராது, வேலியெல்லாம் கிழிச்சுப்போடும், விசில் சத்தம் கேட்டதும் முக்குக்குச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போங்க. ஆடிக்காத்துக்கு மேற்கே பார்த்து வாசல் வைக்காதீங்க, சோற்றில் மண் விழும். கல்லுக்கட்டில் கைவிடாதீங்க, கண்ணாடி விரியன் கிடக்கும். கடிச்சுட்டா பெரிய ரோட்டைச் சுத்தாம செங்கச்சூளை வழியா விட்டா ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்.

அஞ்சாம் வகுப்புக்குமேல் படிக்காதவள் அவள். பஞ்சாயத்து கிளார்க்கும் கிராம நர்சும் போஸ்ட்மேனும் அவளிடம் கேட்டுக்கொண்டு போவதைப் பார்த்து அவள் புருஷன், "உன்ற தலைக்குள்ள இந்த ஊரையே மடிச்சு வெச்சிருக்கற போல" என்று ஒருநாள் சொன்னான். அன்றிலிருந்து அவளுடைய நடையே கொஞ்சம் மாறிப்போனது. யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. கேட்டவர்கள் போய்விட்டபிறகுதான் சில சமயம், அது அப்படித்தானா என்று அவளுக்கே ஒரு யோசனை ஓடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்துப்போனது. தை மாதம், ஆம்பூரிலிருந்து வந்த ஷாஹிதா தனக்குக் கிடைத்த மனையில் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தாள். அவளும் அவள் புருஷன் இம்தியாஸும் ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் தைத்தவர்கள். முன்னறையில் ஓவர்லாக் மெஷினைப் போட்டு வீட்டிலிருந்தே தைக்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. சாவியோடு வந்த மயிலாத்தாளை நிறுத்திக் கேட்டாள்.

"அக்கா, மழை வந்தா இங்க தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

மயிலாத்தாள் அந்தச் செம்மண்ணைப் பார்த்தாள். அந்த மனை முளைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதன்மேல் ஒரு மழையும் பெய்து அவள் பார்த்ததில்லை.

"கெழக்க போயிரும் அம்மணி. அப்படியே பள்ளத்து ஓடையில சேந்துக்கும். நீ தாராளமாக் கட்டு," என்றாள்.

ஷாஹிதா கட்டினாள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பச்சைக் கதவு. சித்திரையில் பால் காய்ச்சினார்கள், மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஆடி பிறந்து ஒருநாள் அந்த வீட்டு முன்னால் குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் பீறிட்டது. மயிலாத்தாள் ஓடிப்போய் அடைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கொட்டின தண்ணீர் கொட்டின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. குண்டும் இல்லை குழியும் இல்லை, நல்ல சரிவுதான். ஆனால் தண்ணீர் இறங்கவில்லை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் வீட்டுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்து பத்து இடத்தில் ஊற்றிப் பார்த்தாள். பழைய மண்ணில் ஊற்றினால் பிறந்த வீட்டுக்குப் போவதுபோலக் கிழக்கே பள்ளத்தைப் பார்த்து ஓடியது, புது மண்ணில் ஊற்றினால் நின்றது. புது மண்ணுக்குத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. அதற்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

மறுநாள் தொட்டியை நிரப்பிவிட்டு மேட்டுக்காடு வரை நடந்தாள். மேற்கே மூன்று ஊரில் பெய்கிற மழை ஒன்றுசேர்ந்து வந்து இறங்குகிற இடம் அது. தண்ணீரின் பழைய தடம் இரண்டு கருவேலமரத்துக்கு நடுவே இறங்கி, புது மண் ஆரம்பிக்கிற இடத்தில் கத்தரித்ததுபோல நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் பள்ளம். நடுவே அரை மைல் ஒன்றும் தெரியாத மண், அதன்மேல் முந்நூறு வீடு. வழி தெரியாமல் நின்றால் மழைத் தண்ணீர் அத்தனையும் அந்த வீடுகளுக்குள்தான் ஏறும். இந்தத் தடத்தையும் அந்தப் பள்ளத்தையும் கண்ணால் நேர்கோடு போட்டு இணைத்துப் பார்த்தாள். கோடு பச்சைக் கதவின் வழியாகப் போனது.

இரண்டு நாள் அவள் அந்த வீதிப் பக்கம் தலைகாட்டவில்லை, அந்த வால்வைத் திறக்கப் புருஷனை அனுப்பினாள். மூன்றாம் நாள் தானே போனாள்.

ஷாஹிதா மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "வாங்கக்கா. டீ போடட்டுமா?"

"டீ வேண்டாம் அம்மணி. நான் உனக்குத் தப்பாச் சொல்லீட்டேன். தண்ணி எங்க போகும்னு கேட்டீல்ல. எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது." பார்த்ததையெல்லாம் சொன்னாள். தண்ணீர் நிற்பதைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள், ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை என்பதைச் சொன்னாள்.

ஷாஹிதா குனிந்து சுவரின் அடியைப் பார்த்தாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் கடைக்கால் இங்க போட்டோம். நாலு அடி தள்ளிப் போட்டுக்கலாமான்னு அவர் கேட்டாரு, அக்கா சொல்லிட்டாங்க வேண்டாம்னேன்."

"ஆமா."

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். வாயில வரல."

ஷாஹிதா உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். தைக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. மயிலாத்தாள் வாசலிலேயே நின்றாள். போ என்று சொல்லும்வரை போவதில்லை என்று நினைத்து வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மண்ணுக்குத் தெரியலைன்னா சொல்லிக் கொடுக்க முடியுமா?"

"ஊத்தி ஊத்தித் தடம் பழக்கலாம்னு நினைக்கறேன். தெரியாது. ஆனா அந்தத் தடம் உன் ஊட்டு வழியாத்தான் போகுது. நேரா விட்டாத்தான் தண்ணி போகும்."

"வளைச்சு விட்டா?"

"வளையாது அம்மணி. எத்தனையோ வாய்க்கா பாத்திருக்கறேன். வேகமா வர்ற தண்ணி முக்குல உடைச்சுக்கிட்டு நேராத்தான் போகும்."

ஷாஹிதா வெட்டி வைத்திருந்த ஒரு பனியனை எடுத்து வந்து அவள் முன் விரித்தாள். "இந்தக் கழுத்தைப் பாருங்க. பட்டி நேர்ப் பட்டிதான். கழுத்துக்கிட்ட வந்து வளைச்சா சுருங்கிக்கும், பிஞ்சுக்கும். தோள்லயே ஆரம்பிச்சுடணும். வளையறதே துணிக்குத் தெரியாத மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக் கொடுத்துட்டே வரணும். நீங்க என் வீட்டுக்கிட்ட வளைக்கப் பாக்குறீங்க. மேலே எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பாருங்க."

மயிலாத்தாள் அந்தக் கழுத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு யாரும் தண்ணீரைப் பற்றிப் புதிதாக ஒன்று சொன்னதில்லை.

இரண்டு பேருமாகத் துணிக்குக் குறிபோடுகிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனார்கள். எங்கே நின்று பார்த்தாலும், தண்ணீர் திரும்ப ஆரம்பிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே தலைவர் குப்புராஜ் இருபது நாளுக்கு முன்னால் கட்டி முடித்த நுழைவு வளைவு நின்றது, நீல எழுத்தில் 'வளரும் நொச்சிப்புதூர் வருக வருக என வரவேற்கிறது' என்று.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் புளியமரத்தடி நிறைந்திருந்தது. பழைய ஊர் ஒரு பக்கம், புது ஊர் ஒரு பக்கம். மயிலாத்தாள் எழுந்து நின்று முதலில் தன் தப்பைச் சொன்னாள், ஷாஹிதாவிடம் சொன்ன அதே சொற்களில். அவள் தெரியாது என்று சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள்.

குப்புராஜ் நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த வளைவின்மேல் அவருக்கு உயிர். "ஏம்மா மயிலா, ஊருக்குள்ள மனுசங்க வாரதுக்கு அதைக் கட்டியிருக்குது. அதுக்குள்ள தண்ணிய விடுன்னா நாலு ஊர்க்காரன் என்ன பேசுவான்?"

"வெளியூருல இருந்து வாரவங்களைக் கூப்படறதுக்குத்தானுங்களே வளைவு," என்றாள் மயிலாத்தாள். "தண்ணியும் வெளியூருல இருந்துதானுங்க வருது. இங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப்பேரு அப்படி வந்தவங்கதான். அவங்களுக்கு இடம் குடுத்தீங்க. இதுக்கும் ஒரு வழி குடுங்க. மனுசங்க ரெண்டடி தள்ளி நடந்துக்குவாங்க."

குப்புராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் கிளார்க்கைப் பார்த்து, "தீர்மானம் எழுதுப்பா," என்றார்.

ஆவணி முதல் தேதி ஆரம்பித்தார்கள். மயிலாத்தாள் உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பழைய ஊரும் புது ஊரும் குடத்தோடும் வாளியோடும் வரிசையாக நின்று, நுழைவு வளைவின் அடியிலிருந்து பள்ளம் வரைக்கும், ஷாஹிதா சாக்கட்டியால் போட்ட கோட்டின்மேல் நடந்துகொண்டே ஊற்றினார்கள். முதல் நாள் தண்ணீர் அத்தனையும் நின்றது. ஐந்தாம் நாளும் நின்றது. ஊற்றும்போது சும்மா ஊற்றாமல், இப்படிப் போ, இந்தப் பக்கம் போ, முன்னால் போகிறவளைப் பார்த்துப் போ என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்கள், ஒடிசாக்காரர்கள் ஒடியாவில் சொன்னார்கள், இம்தியாஸ் உருதுவில் சொன்னான், செல்லக்காள் திட்டிச் சொன்னாள். பதினோராம் நாள் தண்ணீர் ஒரு சாண் நகர்ந்தது. அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை, அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்புறம் நாளுக்கு ஒரு முழம், நாளுக்கு ஒரு வீடு என்று இறங்கியது. திருப்பத்தில்தான் முரண்டு பிடித்தது. அங்கே ஷாஹிதா தினமும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கோட்டை விரலிடை விரலிடையாக இழுத்துக் கொடுத்தாள். ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று. நடந்த நடையில் புது ஊர்க்காரர்களுக்கு எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் உறைமோர் கேட்கலாம், எந்தச் சந்து எங்கே திறக்கும் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துபோனது, பழைய ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு புது வீட்டுக் குழந்தையின் பேரும் தெரிந்துபோனது.

ஐப்பசி ஒன்பதாம் தேதி காலையில் மேற்கு கறுத்தது. பகல் பதினொரு மணிக்கு மூன்று ஊர் மழை ஒன்றாகச் சேர்ந்து மேட்டுக்காட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. ஷாஹிதா மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். மயிலாத்தாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஊரே கோட்டின் இரண்டு பக்கமும் குடை பிடித்து நின்றது.

தண்ணீர் கருவேலமரங்களுக்கு நடுவே இறங்கி, செம்மண் நிறத்தில் மார்பளவு எழும்பி, நுழைவு வளைவின் நீல எழுத்துக்கு அடியில் ஊருக்குள் வந்தது. அதைப் பார்த்த குப்புராஜ் தன்னையறியாமல் கைகூப்பினார். திருப்பத்தின் தலைப்பில் வந்து ஒரு மூச்சு நேரம் அது நின்றது, நேரே பச்சைக் கதவைப் பார்த்தபடி. ஷாஹிதா மயிலாத்தாளின் கையைப் பிடித்தாள். யாரோ ஒருத்தர் மெதுவாக, இந்தப் பக்கம் போ, என்றார்கள். அதைக் கேட்டு இன்னொருத்தர் சொன்னார்கள். முந்நூறு வீட்டுச் சனமும் தங்கள் தங்கள் பேச்சில் அதையே சொன்னது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தோளைத் திருப்பி, வளைவதே தனக்குத் தெரியாததுபோல வளைந்து, ஷாஹிதாவின் சுவரை ஒரு முழம் விட்டு, வீதியோரமாகவே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஒரு வாசலுக்குள்ளும் அது ஏறவில்லை. சாயங்காலம் பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் குப்புராஜ், "எங்க ஊருத் தண்ணி முறையா வாசல் வழியா வந்துதான் போகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைக் கதவுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

மழைக்குப் பிறகும் நிலம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கார்த்திகையில் ஒருநாள் காலை, வடக்கே புதிதாக விழுந்த வீதிக்குத் தண்ணீர் திறக்கப் போன மயிலாத்தாளுக்கு வழி தப்பிவிட்டது. வீடுகள் தெரிந்தன, வால்வு இருக்குமிடம் தெரியவில்லை. நாலு தப்படி முன்னே போய், நாலு தப்படி பின்னே வந்தாள். ஒரு வாசலில் ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன சாபித்ரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மயிலாத்தாள் அவளிடம் போனாள். "ஏனுங்க, எட்டாம் வீதி வால்வுக்கு எப்படிங்க போகோணும்? எனக்குத் தெரியலீங்க."

சாபித்ரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நேரா போங்கோ அக்கா. முள்ளுவேலி வரும். அங்க நாய் இருக்கு, கடிக்காது, சும்மா கத்தும். அப்புறம் சோத்துக்கைப் பக்கம் திரும்பு. அங்க மண் நெம்ப வழுக்கும், பாத்துப் போங்கோ. நாளைக்கு சனிக்கெழமை கரண்ட் இல்லை, இன்னைக்கே எச்சாத் தண்ணி விடுங்கோ."

"சரீங்க," என்றாள் மயிலாத்தாள்.

நாய் கத்தியது, கடிக்கவில்லை. சோத்துக்கைப் பக்கம் திரும்பினாள், மண் வழுக்கியது, பார்த்துப் போனாள். வால்வைத் திருகித் தண்ணீரைக் கூடுதலாகவே திறந்துவிட்டுத் திரும்பும் வழியில் எதிரே வந்த செல்லக்காளை நிறுத்தி, "நம்மூருப் பொம்பளை ஒருத்தி எனக்கு வழி சொன்னா," என்றாள், "என்ன கணக்காச் சொல்றாங்கற நீ." அதையே தொட்டி போய்ச் சேருகிறவரை எதிரே வந்த ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.